ஃப்ரீசர் விசிறி கத்துகிறதா? மோட்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மூன்று வாரம் சில்வண்டு மாதிரிக் கத்தியது. முதலில் இரவில் மட்டும், அப்புறம் பகலிலும். உள்ளே பல்லி ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா பார் என்றார் மாமியார். நான்காவது வாரம் சத்தம் தானாக நின்றது, எங்களுக்கும் நிம்மதி. இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தட்டில் வைத்திருந்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு முட்டைகளின் மேல் வழிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சத்தம் சரியாகவில்லை, விசிறியே நின்றுவிட்டது.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்த ரிப்பேர்காரர் பின்பக்கம் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்பிரசர் போச்சு, 650 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும்" என்றார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. வந்து பார்த்ததற்கு 50 வெள்ளி. கடைசியில் 45 வெள்ளி மோட்டர் ஒன்றை நானே மாட்டி ஓட வைத்தேன். ஆனால் அந்த 45 வெள்ளிக்கு முன்னால் தவறான மோட்டருக்கு 38 வெள்ளி, மோட்டர் கடைகள் இருக்கும் ஜாலான் பாசார் தெருவுக்கு இரண்டு நடை, ஒரு கிலோ தெங்கிரி மீன் எல்லாம் போயின. மோட்டரை மாற்றுவது அரை மணி நேர வேலைதான். எது கெட்டது என்று கண்டுபிடிப்பதும், அதற்குச் சரியான மோட்டரை வாங்குவதும்தான் நாள் கணக்கில் இழுக்கும்.

இது ஐஸ் கட்டாத (ஃப்ராஸ்ட் ஃப்ரீ) இரண்டு கதவு ஃபிரிட்ஜுக்கு மட்டும். ஒற்றைக் கதவு, உள்ளே சின்னப் பெட்டியில் ஐஸ் மலை மாதிரி வளரும் பழைய வகையில் பெரும்பாலும் விசிறியே கிடையாது, அதைத் தேடிப் பிரிக்காதீர்கள்.

1. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

ஃப்ரீசர் கதவைத் திறந்தால் பெரும்பாலான ஃபிரிட்ஜில் விசிறி நின்றுவிடும். கதவுச் சட்டத்தில் இருக்கும் சின்னப் பட்டன்தான் அதை நிறுத்துகிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை விரலால் அழுத்துங்கள். அழுத்தும்போது கத்தல் வந்து, விட்டால் நின்றால், அது ஃப்ரீசர் விசிறிதான். சில புது மாடல்களில் பட்டன் இருக்காது, காந்த சுவிட்ச் இருக்கும். கதவில் அதற்கு நேராக உள்ள காந்தத்தைப் போலவே, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டும் ஒரு காந்தத்தைச் சட்டத்தில் அங்கங்கே வைத்துப் பார்த்தால் பிடிபடும்.

கதவு திறந்திருந்தாலும் சத்தம் வருகிறது, அதுவும் பின்னால் கீழேயிருந்து என்றால் அது கம்பிரசராக இருக்கலாம், அல்லது சில மாடல்களில் அங்கே இருக்கும் இன்னொரு விசிறியாக இருக்கலாம், அதுவும் இல்லையென்றால் ஃபிரிட்ஜின் கால் சமமாக நிற்காமல் ஆடுவதாகவும் இருக்கலாம். கடைசிக் காரணத்துக்கு ஒரு காசும் வேண்டாம், கால் ஸ்க்ரூவைத் திருகினால் போதும்.

சத்தத்தின் வகையையும் கவனியுங்கள். கீச்சென்ற சீழ்க்கை என்றால் மோட்டரின் உள்ளே தேய்மானம். டக் டக் டக் என்று சீராக அடித்தால் இறக்கை எதிலோ இடிக்கிறது, அது அனேகமாக ஐஸ்தான். ஐஸ் இடித்தால் புது மோட்டர் வாங்கினாலும் அதுவும் போய் இடிக்கும். இதில்தான் பலர் காசை விடுகிறார்கள்.

விசிறி ஓடவே இல்லை என்பதற்கு அடையாளம் வேறு. ஃப்ரீசரில் ஐஸ் இன்னும் கொஞ்சம் இருக்கும், கீழ்ப்பெட்டி மட்டும் வெதுவெதுப்பாகிவிடும், ஏனென்றால் கீழே போகும் குளிர் எல்லாம் அந்த ஒரு விசிறி தள்ளிவிடும் காற்றுதான். கம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்கும், மின்கட்டணமும் ஏறும்.

2. தாள்களைத் தேடி எடுங்கள்

பிரிக்கும் முன்னால் ரெசிட், வாரண்டி அட்டை இரண்டையும் தேடுங்கள். வாரண்டி இன்னும் இருந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே வேண்டாம், நீங்கள் திறந்தது தெரிந்தால் மறுத்துவிடுவார்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஃபிரிட்ஜ் கதவில் "10 ஆண்டு வாரண்டி" என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கம்பிரசருக்கு மட்டும் என்று இருக்கும். விசிறி மோட்டர் அதில் வராது. என் ஃபிரிட்ஜுக்கு வயது 9. அந்த ஸ்டிக்கரை நம்பி சேவை மையத்துக்கு அரை மணி நேரம் போனில் காத்திருந்து இதைத்தான் தெரிந்துகொண்டேன்.

வாடகை வீடு, ஃபிரிட்ஜ் வீட்டுக்காரருடையது என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது போதாது. வீட்டைக் காலி செய்யும் நாளில் முன்பணத்தில் கழிப்பார்கள், அப்போது "நான்தான் சரி பண்ணினேன்" என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

அடுத்து மாடல் எண். கீழ்ப்பெட்டியின் உள்சுவரிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுங்கள். அதிலேயே எந்த வாயு என்றும் இருக்கும். ஆர்600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். பயந்து ஓட வேண்டாம், குழாயில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைப் பற்றி நான்காம் படியில் சொல்கிறேன்.

3. சாப்பாட்டுக்கு இடம், ஐஸுக்கு நேரம்

மூடியே வைத்திருந்தால் கீழ்ப்பெட்டிச் சாமான் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஆனால் நீங்கள் திறந்து போடப் போகிறீர்கள், அதனால் அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு இறைச்சியையும் மீனையும் அங்கே கொண்டுபோய் வையுங்கள். நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் பாலிஸ்டைரின் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தேன். சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டது திங்கள் வரை போனது. தெங்கிரியின் கதை அப்படித்தான் முடிந்தது.

சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். ஞாயிறு வேண்டாம், அன்று ஜாலான் பாசாரில் நான் போய் நின்ற கடைகள் மூடியிருந்தன. வெள்ளி இரவே பிளக்கைப் பிடுங்கி ஃப்ரீசர் கதவைத் திறந்து போட்டுவிட்டால் இன்னும் நல்லது, நம் ஊர் வெக்கைக்குக் காலைக்குள் உருகிவிடும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவி எடுங்கள். இன்வெர்ட்டர் வகை என்றால் பிடுங்கிய பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள், சர்க்யூட் பலகையில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கும்.

கீழே பழைய துண்டுகளைப் போடுங்கள். கம்பிரசர் மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டும் நிரம்பி வழியும், அதை யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஹால் வரைக்கும் வந்து மாமியாரின் பாயை நனைத்தது.

4. பின்பலகையைக் கழற்றுவது

வேண்டியவை அதிகமில்லை: ஸ்டார் தலை ஸ்க்ரூடிரைவர், காலாவதியான வங்கி அட்டை ஒன்று, தடித்த கையுறை, கைப்பேசி டார்ச். தட்டுகள், ஐஸ் அச்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுப் பின்சுவரைப் பாருங்கள். காற்று வரும் ஓட்டைகளோடு ஒரு பிளாஸ்டிக் பலகை இருக்கும். அதன் ஸ்க்ரூக்கள் கண்ணில் படாது. பொத்தான் மாதிரி சின்ன மூடிகளின் அடியில் ஒளிந்திருக்கும், அட்டையால் நெம்பினால் மூடி வரும். ஸ்க்ரூவை எடுத்த பிறகும் ஓரங்களில் கொக்கிகள் பிடித்திருக்கும்.

இழுத்தும் வரவில்லை என்றால், நிறுத்துங்கள். பின்னால் ஐஸ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பலகையின் உட்புறம் வெள்ளைத் தெர்மாகோல், பலத்தை உபயோகித்தால் பாளம் பாளமாக உடையும். எனக்கு ஒரு மூலை உடைந்தது, அலுமினிய டேப் ஒட்டினேன். கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ ஐஸைக் குத்தவே கூடாது. அதன் பின்னால் இருக்கும் அலுமினியக் குழாய் ரொம்ப மெல்லிசு. அது ஓட்டையானால் வாயு போய்விடும், பிறகு உங்கள் 45 வெள்ளி வேலை பல நூறு வெள்ளி வேலையாகிவிடும். அவசரம் என்றால் மேசை விசிறியை எதிரில் வைத்து ஓட விடுங்கள். ஹேர் டிரையர் வைப்பவர்களும் உண்டு. கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் மின்சாதனத்தைக் கையில் பிடிக்க எனக்குத் துணிவில்லை, நான் மேசை விசிறியோடு நின்றுகொண்டேன்.

பலகை வந்ததும் முழுசாக இழுக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பின்னால் பாருங்கள். விளக்குக்கோ விசிறிக்கோ போகும் வயர் இன்னும் கோத்திருக்கும். இணைப்பியின் நாக்கை அழுத்திக்கொண்டு பிரியுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அலுமினியத் தகடுகளின் விளிம்பு பிளேடு மாதிரி, கையுறை அதற்குத்தான்.

ஐஸ் முழுசாக உருகும் முன்னால் எட்டிப் பார்க்க முடிந்தால் அது எப்படிப் படிந்திருந்தது என்று கவனியுங்கள். குழாய் முழுக்க மெல்லிய வெள்ளைப் பனி என்றால் நல்லது. குழாயே தெரியாத அளவு கட்டி ஐஸ் என்றால் ஐஸை உருக்கும் ஹீட்டரோ, அதன் சென்சாரோ, டைமரோ கெட்டிருக்கலாம். விசிறி அதில் மாட்டிய அப்பாவி. ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் காய்ந்து கிடக்கிறது என்றால் வாயு குறைந்திருக்கலாம், அது நம் வேலை இல்லை, பலகையை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஐஸ் உருகிய பிறகு எல்லாம் நன்றாக ஓடி, ஒரு வாரம் பத்து நாளில் அதே டக் டக் திரும்ப வந்தால் அதுவும் ஹீட்டர் பக்கத்துப் பிரச்சினைதான்.

5. மோட்டரைக் கழற்றும் முன்னால் படம் எடுங்கள்

இதைப் பெரிய எழுத்தில் எழுத ஆசை. மோட்டர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, எந்த நிற வயர் எந்தத் துளையில், இறக்கை தண்டில் எவ்வளவு ஆழம் ஏறியிருக்கிறது, ரப்பர் வளையங்கள் எங்கே என்று நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஆழத்துக்கு நான் தண்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன். இறக்கையை இரண்டு விரலால் நேராக இழுத்தால் வந்துவிடும். நெம்பினால் விளிம்பு உடையும்.

விரலால் தண்டைச் சுற்றிப் பாருங்கள். நல்ல மோட்டர் தட்டிவிட்டால் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். என்னுடையது மணல் போட்ட மாதிரி கரகரவென்று அரை வட்டம் போய் நின்றது. இந்த இடத்தில் சிலர் துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெயை அடித்துவிட்டு மாட்டுவார்கள். சத்தம் சில நாள் நிற்கும். அப்புறம் எண்ணெய் குளிரில் பிசினாகி மோட்டரை இறுக்கும், அதற்குள் பால் முதல் ஐஸ்கிரீம் வரை எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறியிருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால், இரண்டு வயர் ஏசி (மாறுமின்சாரம்) மோட்டரின் இரு முனையிலும் மின்தடையை, அதாவது ஓம், பார்க்கலாம். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. மூன்று, நான்கு வயர் வரும் டிசி (நேர்மின்சாரம்) மோட்டரில் இந்தச் சோதனை வேலைக்கு ஆகாது.

6. சரியான மோட்டரை வாங்குவது

பூடு எல்ஆர்டி ரயில் ஸ்டேஷனிலிருந்து ஜாலான் பாசார் நடந்து போகிற தூரம்தான். எலக்ட்ரானிக்ஸ் சாமான், மோட்டர், வயர் எல்லாவற்றுக்கும் கோலாலம்பூரில் பழைய கைகள் போகிற தெரு. முதல் தடவை நான் ஃபிரிட்ஜ் லேபிளின் படத்தை மட்டும் கைப்பேசியில் கொண்டுபோனேன். கடைக்காரத் தவுக்கே படத்தைப் பார்க்கவேயில்லை. "பாராங் லாமா அடா?" என்றார். பழையது இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கிவிட்டு, கிட்டத்தட்ட இதுதான் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார், 38 வெள்ளி. அளவு சரி, வோல்ட் சரி, ஸ்க்ரூ துளையும் சரி. வீட்டில் மாட்டி ஓட விட்டால் காற்றே வரவில்லை. காற்றுத் துளைக்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தேன். வெளியே பறக்க வேண்டிய தாள் துளையோடு போய் ஒட்டிக்கொண்டது. மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

அதனால் பழைய மோட்டரை, இறக்கையோடு, கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியவை: வோல்ட் 220-240 ஏசியா, 12 அல்லது 13 டிசியா. எத்தனை வயர். எத்தனை வாட். சுற்றும் திசை, அது பெரும்பாலும் அம்புக்குறியாக இருக்கும். தண்டின் நீளமும் தடிமனும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏசி மோட்டர் என்றால் வாங்கும் முன்னால் கடையிலேயே மின்சாரம் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது புதிதில்லை, முகம் சுளிக்க மாட்டார்கள்.

டிசி வகையில் மூன்றாவது வயர் சும்மா இல்லை, விசிறி சுற்றுகிறது என்று சர்க்யூட் பலகைக்குத் தகவல் சொல்வது அதுதான். அதற்குப் பதில் இரண்டு வயர் மோட்டரை மாட்டினால் பலகை விசிறி செத்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடும். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் புது மோட்டரும் கெடலாம். ஷாப்பீ, லசாடா இணையக் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கிறது, ஆனால் படத்தைப் பார்த்து மட்டும் வாங்காமல் மோட்டரின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் தட்டச்சு செய்து தேடுங்கள். பார்சல் வர நாலைந்து நாள் ஆனால் அதுவரை ஃபிரிட்ஜ் என்ன செய்யும் என்பதையும் யோசியுங்கள். எங்கே வாங்கினாலும் ரெசிட்டை வையுங்கள், மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். என் 38 வெள்ளி மோட்டரை "மாட்டியாச்சு, எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

7. மாட்டுவது

பழைய மோட்டர் இருந்த ரப்பர் வளையங்களைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அவை இல்லாமல் இறுக்கினால் புது மோட்டரே முனகும். இறக்கையை அந்த மார்க்கர் கோடு வரை மட்டும் ஏற்றுங்கள், பக்கம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், முன்னும் பின்னும் ஒரே மாதிரி தெரியும். விரலால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

இணைப்பி பொருந்தவில்லை என்றால் பழையதை வயரோடு வெட்டிப் புது மோட்டரில் இணைக்க வேண்டும். வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுகிற வழக்கம் இங்கே உதவாது. குளிரில் பசை விட்டுவிடும், ஈரம் இறங்கும். சால்டர் வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போடுங்கள். இதை ஃபிரிட்ஜுக்குள் குனிந்து செய்யாமல், மோட்டரை வெளியே மேசையில் வைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஆர்600ஏ என்று சொன்னேன் அல்லவா, அதற்காக.

8. பிளக்கைச் சொருகிவிட்டுப் பொறுமையாக இருங்கள்

எல்லாம் மாட்டியாயிற்று, ஓட விட்டேன், விசிறி சுற்றவில்லை. வியர்த்துப் போய் இரண்டு ஸ்க்ரூவைத் திரும்பக் கழற்றிவிட்டேன், அப்போதுதான் மாமியார் காப்பியோடு வந்து, கொஞ்சம் உட்காரேன் என்றார். குடித்து முடிக்கும் முன்னால் உள்ளே விர்ரென்று கேட்டது. பல மாடல்களில் குழாய் குளிரும் வரை விசிறியைத் தொடங்க விடாமல் வைத்திருப்பார்கள். 10 முதல் 15 நிமிடம் பொறுத்துவிட்டுக் கதவுப் பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்த டிஷ்யூ தாள் சோதனையையும் செய்துவிடுங்கள்.

முழுக் குளிர் வர ஒரு நாள் வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18, கீழ்ப்பெட்டி 3 முதல் 5 டிகிரி. நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து அதற்குள் தெர்மாமீட்டரைப் போட்டு மறுநாள் பாருங்கள். அதுவரை பக்கத்து வீட்டு மீன் அங்கேயே இருக்கட்டும்.

9. எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும், என்ன கேட்க வேண்டும்

புது மோட்டர் சில வாரத்தில் மறுபடி நின்றால், அல்லது மோட்டருக்கு மின்சாரமே வரவில்லை என்றால், கோளாறு சர்க்யூட் பலகையில் இருக்கலாம். அந்தப் பலகையை நீங்களாகத் தோண்ட வேண்டாம். வருகிறவரிடம் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, ரிப்பேர் செய்தால் அதைக் கழிப்பீர்களா, கழற்றிய பழைய சாமானை என்னிடம் தருவீர்களா. கம்பிரசர் என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள், அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள். விலையையும் வாரண்டியையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்றால் மலேசியாவின் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தில் முறையிடக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் அங்கே பேசுவது நீங்கள் வைத்திருக்கும் ரெசிட்தான். நான் அந்த 50 வெள்ளிக்கு ரெசிட் கேட்கவேயில்லை.